எழுதுவதற்காக வேலையை விடலாமா?

இந்த முறை எடுத்துக்கொண்ட கடிதம் கட்டுரை நோட்டிலிருந்து கிழித்த ஒன்பது பக்கங்களில் வந்தது. எழுதியவரை யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றி, சுருக்கித் தருகிறேன்.

வாசகிக்கு வயது 38. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை. சம்பளம் 14,000 ரூபாய். கணவர் களக்காட்டிலிருந்து வாழைத்தார் ஏற்றிப்போகும் லோடு வண்டி ஓட்டுகிறார். இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பத்திரிகையின் சிறுகதைப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியிருக்கிறார். அதிலிருந்து நாவல் ஆசை. மே மாத லீவு வந்ததும் உட்கார்ந்து ராத்திரி பகலாக எழுதுவார். எண்பது, தொண்ணூறு பக்கம் வரும். பள்ளி திறந்ததும் நின்றுபோகும். அடுத்த மே மாதம் எடுத்துப் படித்தால் பிடிக்காது, புதிதாக இன்னொன்றைத் தொடங்குவார். இப்படி மூன்று நாவல்கள் பாதியில் கிடக்கின்றன. ‘21 நாள் விடாமல் செய்தால் எதுவும் பழக்கமாகிவிடும்’ என்று ஒரு வீடியோவில் கேட்டுவிட்டுத் தினமும் எழுதிப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு தடவையும் இரண்டாவது வாரத்திலேயே அறுந்துவிட்டது.

இப்போது ஒரு பதிப்பகம், 65,000 ரூபாய் கட்டினால் நாவலை 300 பிரதி அச்சடித்து, புத்தகத் திருவிழாவில் வெளியீட்டு விழாவும் நடத்தித் தருவதாக ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. நாலு பவுன் சங்கிலியை அடகு வைத்துப் பணத்தைக் கட்டிவிட்டு, வேலையையும் ஒரு வருஷம் விட்டுவிட்டால் நாவலை முடித்துவிடலாம் என்று நினைக்கிறார். “இப்பவும் துணியலேன்னா இனி எப்போ மேடம்?” என்று கேட்கிறார். பரிசு வாங்கிய அந்தக் கதையை மாமியார் இன்னமும் சொல்லிக் காட்டுகிறாராம். “எங்க வீட்டு அடுப்படியக் கொண்டுபோய்த் தெருவுல வச்சிட்டியேட்டி” என்று.

கடிதத்தின் நடுவில் இப்படி ஒரு பகுதி: “எங்கம்மா முக்கூடலில் பீடி சுற்றி எங்களை ஆளாக்கினாள். மனசு சரியில்லை என்று ஒருநாள்கூட சும்மா உட்கார்ந்ததில்லை. அவளுடைய வைராக்கியத்தில் கால்வாசி எனக்கு இருந்திருந்தால் இந்நேரம் நாலு புத்தகம் வந்திருக்கும். நான் சோம்பேறியா, இல்லை எனக்கு மனசில் ஏதாவது வியாதியா?”

அன்புள்ள சகோதரிக்கு,

வியாதி பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். ஒரு கடிதத்தை வைத்து யாருக்கும் எந்த வியாதியும் இருக்கிறது, இல்லை என்று சொல்லக் கூடாது. ஆனால் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். எழுதுகிற நாட்களில் தூக்கமே இல்லாமல் இருந்தும் களைப்பே தெரியாமல், பேச்சும் செலவும் கட்டுக்கடங்காமல் போகிறதா? எழுதாத மாதங்களில் சாப்பாடு, குளியல், பிள்ளைகள் எதிலுமே பிடிப்பில்லாமல் வாரக்கணக்காக இருக்கிறீர்களா? அப்படியென்றால் பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவுக்கு ஒருமுறை போய்வாருங்கள். 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். நீங்கள் எழுதியிருப்பதில் அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. லீவில் எழுதுகிறீர்கள், பள்ளி திறந்ததும் வீட்டையும் வகுப்பையும் ஒழுங்காகப் பார்க்கிறீர்கள், எழுத்து மட்டும் நின்றுபோகிறது. இது வியாதி மாதிரி இல்லை. சோம்பேறித்தனமும் இல்லை.

உங்கள் அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அங்கேதான் உங்கள் கணக்கு தப்புகிறது என்று நினைக்கிறேன். அம்மா வைராக்கியசாலி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அவர் தினமும் சுற்றியது வைராக்கியத்தால் மட்டும்தானா? பீடிக்கடையில் இலையும் தூளும் நிறுத்துக் கொடுத்துவிடுவார்கள். சுற்றிய பீடியைக் கொண்டுபோய் ஒப்படைக்க நேரம் உண்டு. எண்ணி வாங்குவார்கள், சரியில்லாததைக் கழித்துவிடுவார்கள். வாராவாரம் கூலி வரும். மத்தியானத்தில் தெருப் பெண்கள் நாலு பேர் ஒரே திண்ணையில் தட்டை மடியில் வைத்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசிக்கொண்டே சுற்றுவார்கள். ஒருத்தி வராவிட்டால் இன்னொருத்தி வீட்டு வாசலில் நின்று கூப்பிடுவாள். இத்தனையும் சேர்ந்துதான் அம்மாவை தினமும் உட்காரவைத்தது. உங்கள் எழுத்துக்கு இதில் ஒன்றாவது இருக்கிறதா? நேரம் இல்லை, அளவு இல்லை, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை, கூட உட்கார ஆள் இல்லை. இந்த நிலையில் உங்கள் அம்மாவை உட்காரவைத்திருந்தாலும் அவரும் மே மாதத்தில் மட்டும்தான் சுற்றியிருப்பார்.

ஆகவே உங்களிடம் குறைவது மனஉறுதி இல்லை, ஏற்பாடு. வேலையை விடுகிற யோசனை எனக்கு ஏன் பிடிக்கவில்லை என்பதும் இதிலேயே இருக்கிறது. அதற்கு முன்னால் 21 நாள் சமாச்சாரம்.

21 நாள் கணக்கு

இந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் எழுதிய ஒரு புத்தகத்திலிருந்து. அறுவை சிகிச்சைக்குப் பிறகு கண்ணாடியில் தெரிகிற புது முகத்துக்கு மனசு பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று தன் நோயாளிகளைப் பார்த்து அவர் எழுதினார். அந்தக் ‘குறைந்தது’ போகிற வழியில் உதிர்ந்துவிட்டது, முகம் என்பதும் உதிர்ந்துவிட்டது. 21 நாளில் எதுவும் பழகும் என்பது மட்டும் மிஞ்சி இன்றைக்கு எல்லா வீடியோவிலும் சுற்றுகிறது.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடன் இருந்தவர்களும் 96 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2010இல் வெளிவந்தது. சாப்பிட்டதும் ஒரு பழம், காபி குடித்ததும் கொஞ்சம் உடற்பயிற்சி என்கிற மாதிரி தினம் ஒரே நேரத்தில் ஒரு சின்ன காரியத்தைச் செய்யச் சொல்லி, அது யோசிக்காமலே நடக்கிற நிலைக்கு வர எத்தனை நாளாகிறது என்று பார்த்தார்கள். நடுத்தரமாக வந்த கணக்கு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. உங்களுக்கு முக்கியமான செய்தி இன்னொன்று: நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவது பெரிதாகக் கெடவில்லை. நீங்கள் ஒருநாள் விட்டதும் விரதம் முறிந்த மாதிரி மொத்தத்தையும் கைவிட்டுவிடுகிறீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், ஊரில் கோயில் கொடை வரும், சொந்தத்தில் சடங்கு வரும். அன்றைக்கு எழுத முடியாது. மறுநாள் எழுதினால் போதும். விட்டதற்கும் சேர்த்து இரட்டிப்பாக எழுத வேண்டாம், அதுதான் இரண்டாவது வாரத்தில் ஆளைச் சாய்ப்பது.

சரி, எந்த நேரம்? காலை நாலரைக்கு எழுந்து எழுதலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நாலரைக்கு எழுந்தால் ஐந்தரைக்குள் யாராவது எழுந்து உங்களைக் கூப்பிடுவார்கள். உங்கள் நேரம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நாலாவது பக்கத்தில், ஸ்கூல் வேன் முதல் டிரிப் போய்விட்டு இரண்டாவது டிரிப்புக்கு வருகிறவரை முக்கால் மணி நேரம் ஸ்டாஃப் ரூமில் சும்மா போன் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள். சமையல் இல்லை, பிள்ளைகள் இல்லை, மாமியார் இல்லை, மேசையும் மின்விசிறியும் இருக்கின்றன, அடிக்கிற மணியோடு நேரம் தொடங்குகிறது, வேன் ஹாரனோடு முடிகிறது. இதைவிட நல்ல ஏற்பாட்டை நான் யோசித்துச் செய்ய முடியாது. ‘நேரம் கிடைக்கும்போது எழுதுவேன்’ என்று மனசில் வைத்துக்கொள்வதற்கும் ‘முதல் டிரிப் வேன் கேட்டைத் தாண்டியதும் நோட்டைத் திறப்பேன்’ என்று முன்கூட்டியே தீர்மானித்துவைப்பதற்கும் பலனில் நிறைய வித்தியாசம் உண்டு. மனோதத்துவத்தில் பீட்டர் கோல்விட்சர் போன்றவர்கள் இதைப் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள்.

நோட்டில் கையால் எழுதுங்கள். போனில் எழுதினால் போன்தான் ஜெயிக்கும்.

அளவு? ஒரு நாளைக்கு 200 வார்த்தை. சிரிக்காதீர்கள். வாரம் ஐந்து நாள், 1,000 வார்த்தை. இரண்டு வாரத்தில் ஒரு சிறுகதையின் முதல் பிரதி, மூன்றாவது வாரம் அதைத் தொடாமல் வைத்திருப்பது, நாலாவது வாரம் திருத்துவது. பள்ளி நடக்கிற பத்து மாதத்தில், பரீட்சை, ஆண்டுவிழா எல்லாம் போக, ஏழெட்டு கதை முடியும். ஆறு வருஷத்தில் நீங்கள் முடித்தது எத்தனை என்று நான் கேட்கவில்லை.

முடிப்பது என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். மூன்று நாவலும் எண்பது, தொண்ணூறு பக்கத்தில் நிற்பது தற்செயல் இல்லை. தொடக்கம் எழுத ஆசை போதும். நடுப்பகுதிக்கு, நேற்று எழுதியது சுமாராக இருந்தாலும் இன்றைக்கு அடுத்த பக்கத்தை எழுதுகிற பழக்கம் வேண்டும். நீங்களோ ஒவ்வொரு மே மாதமும் முதல் பக்கத்திலிருந்து வாசிக்கிறீர்கள். போன வருஷத்து எழுத்து இந்த வருஷத்துக் கண்ணுக்குச் சின்னதாகத் தெரிகிறது. அது உங்கள் ரசனை வளர்ந்ததற்கு அடையாளம், நாவல் மோசம் என்பதற்கு இல்லை. மூன்றையும் கட்டி மேலே வைத்துவிட்டு, இந்த வருஷம் சிறுகதை மட்டும் எழுதுங்கள். முடிவு எழுதிப் பழக அதுதான் வழி. ஒரு சின்ன உபாயமும் உண்டு: அன்றைய எழுத்தை, அடுத்து என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரிகிற இடத்தில் நிறுத்துங்கள். ஹெமிங்வே 1958இல் வந்த ஒரு பேட்டியில் தன் வழக்கம் இதுதான் என்று சொல்லியிருக்கிறார். வேன் ஹாரன் அடித்து வாக்கியம் பாதியில் நின்றால் எரிச்சல்படாதீர்கள். மறுநாள் வெற்றுத்தாளைப் பார்த்து முழிக்க வேண்டியிருக்காது.

அப்புறம், வாங்கிக்கொள்ள ஒரு ஆள். மாதக் கடைசியில் கதை வரும் என்று எதிர்பார்க்கிற ஒருவர் வேண்டும். வீட்டு ஆட்கள் வேண்டாம், அவர்கள் கதையைப் படிக்க மாட்டார்கள், தங்களைத் தேடுவார்கள். உங்கள் பள்ளித் தமிழாசிரியையோ, வேறு ஊரில் எழுதுகிற ஒரு பெண்ணோ போதும். தமுஎகச என்கிற தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம், கலை இலக்கியப் பெருமன்றம் போன்ற இடதுசாரி அமைப்புகளுக்கு நம் பக்கம் கிளைகள் இருக்கின்றன. கதை வாசித்து விவாதிக்கிற கூட்டங்களுக்குப் போய்ப் பாருங்கள். அவர்கள் அரசியல் உங்களுக்கு ஒத்துவர வேண்டும் என்று அவசியமில்லை, கதையைக் காது கொடுத்துக் கேட்பார்கள். கூட்டத்தில் ஒருவராவது ‘இதெல்லாம் கதையே இல்லை’ என்பார். அதற்கும் பழகத்தான் வேண்டும்.

வேலையை விடுவது

முழுநேரமும் கிடைத்தால் எழுதிவிடுவேன் என்பது உங்கள் நம்பிக்கை. முழுநேரம் கிடைத்த மே மாதங்கள் உங்கள் கையில் இருந்தன. ஒவ்வொன்றும் பாதி நாவலைத் தந்தது. ஒரு வருஷம் லீவு என்பது பன்னிரண்டு மே மாதம், அவ்வளவுதான். இதில் தினமும் ‘சம்பளத்தை விட்டுட்டு என்னத்தைக் கிழிச்சே’ என்ற கேள்வி வேறு வீட்டில் கேட்காமலே கேட்டுக்கொண்டிருக்கும். போகிற சம்பளம் 1,68,000 ரூபாய். அது உங்கள் வீட்டில் லோடு கிடைக்காத மாதங்களைத் தாங்குகிற பணம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

‘உண்மையான எழுத்தாளர் வேறு வேலை பார்க்க மாட்டார்’ என்றும் ஒரு வரி. இந்தச் சீமையில் இருந்துகொண்டு இதை எப்படி எழுதினீர்கள்? இடைசெவல் கி.ராஜநாராயணன் சம்சாரி, அதாவது விவசாயி. முப்பது வயதைத் தாண்டித்தான் கதை எழுத வந்தார், 1991இல் சாகித்திய அகாதமி விருது வாங்கினார். 2016இல் அதே விருது வாங்கிய வண்ணதாசன் வங்கி ஊழியர். 1997இல் வாங்கிய தோப்பில் முகமது மீரான், தேங்காய்ப்பட்டணத்திலிருந்து நெல்லைக்கு வந்து வத்தல் வியாபாரம் செய்தவர். கோவில்பட்டிப் பக்கத்து சோ.தர்மன் பஞ்சாலைத் தொழிலாளி. மறுபக்கம், எழுத்தையும் பத்திரிகையையுமே நம்பி வாழ்ந்த புதுமைப்பித்தனுக்கு சினிமா முயற்சியும் கைகொடுக்கவில்லை, 1948இல் 42 வயதில் காசநோயில் போனார். காசநோய்க்கு எழுத்து காரணமில்லை. ஆனால் தமிழில் எழுதி மட்டுமே குடும்பம் நடத்துவது அன்றும் கஷ்டம், இன்றும் கஷ்டம்.

வெளிநாட்டு உதாரணமும் ஒன்று சொல்கிறேன். 19ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆண்டனி ட்ராலப் தபால் துறை அதிகாரி. காலை ஐந்தரைக்கு மேசையில் உட்கார்ந்து, கடிகாரத்தை முன்னால் வைத்துக் கால் மணி நேரத்துக்கு 250 வார்த்தை என்று எழுதினார். 47 நாவல் வந்தது. ஆனால் அவரை நேரத்துக்கு எழுப்பிக் காபி கொண்டுவர ஒரு வேலையாள் இருந்தார், அதற்கென்றே வருஷத்துக்கு ஐந்து பவுண்டு தனிக் கூலி. உங்களை யாரும் எழுப்பிக் காபி தருவதில்லை என்பதால் 250 வேண்டாம், 200 போதும் என்கிறேன்.

‘வெற்றி’ என்று கடிதத்தில் பல இடங்களில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் அது என்னவென்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. பணமா, பேரா, கையில் ஒரு புத்தகமா, வாசித்தவர் யாரோ ஒருவர் எழுதுகிற கடிதமா? பணம் என்றால் கணக்கைப் பாருங்கள்: 250 ரூபாய் புத்தகம், விலையில் எழுத்தாளருக்கு வருகிற பங்கான ராயல்டி வழக்கமாக 10 சதவீதம், 500 பிரதி விற்றால் 12,500 ரூபாய். உங்கள் ஒரு மாதச் சம்பளத்துக்கும் கீழே. மற்ற மூன்றும் வேலையில் இருந்துகொண்டே கிடைக்கக்கூடியவை.

அந்த ஒப்பந்தம்

சட்டம் என் துறை இல்லை என்பதால் இந்தப் பகுதியை ஒரு வழக்கறிஞரிடம் காட்டிச் சரிபார்த்தேன்.

முதலில் ஒரு கேள்வி: நாவல் இன்னும் முடியவில்லை, பதிப்பகம் ஒரு பக்கமும் படிக்கவில்லை. பிறகு எதை ஏற்றுக்கொண்டார்கள்? 65,000 ரூபாயைத்தான். 300 பிரதி என்றால் ஒரு புத்தகத்துக்கு நீங்கள் கட்டுவது கிட்டத்தட்ட 217 ரூபாய். விலை 220 என்று போட்டிருக்கிறார்கள். அதில் உங்களுக்கு 10 சதவீத ராயல்டியாம். கடைசிப் பிரதி வரை விற்றாலும் உங்கள் கைக்கு வருவது 6,600 ரூபாய். மீதி நஷ்டம் உங்களுடையது, சங்கிலியும் உங்களுடையது.

சொந்தக் காசில் புத்தகம் போடுவது தப்பு என்று சொல்லவில்லை. தமிழில் எத்தனையோ நல்ல புத்தகங்கள் அப்படி வந்திருக்கின்றன. ஆனால் சொந்தக் காசில் போட்டால் பிரதிகளும் உரிமையும் விற்ற பணமும் உங்களிடம் இருக்க வேண்டும். காசும் கட்டி, ‘அனைத்து உரிமைகளும் நிரந்தரமாகப் பதிப்பகத்துக்கே’ என்ற பத்தியிலும் கையெழுத்துப் போடுவது எந்த ஊர் நியாயம்? அந்த ‘அனைத்து’ என்பதற்குள் மொழிபெயர்ப்பு, ஆடியோ, சினிமா, வெப் சீரிஸ் எல்லாம் அடங்கும். அச்சுப் புத்தகம் மட்டும், இத்தனை வருஷம், இன்ன பிரதேசம் என்று எழுதிக் கேளுங்கள். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமையை எழுத்தில், கையெழுத்துடன்தான் மாற்ற முடியும். காலம் சொல்லாவிட்டால் ஐந்து வருஷம், இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். சட்டம் கொடுக்கிற இந்தப் பாதுகாப்பை ‘நிரந்தரமாக’ என்ற ஒற்றை வார்த்தை பறித்துவிடும்.

உங்களுடைய வேறு சில பயங்களுக்கும் பதில் இதோ:

பதிவு செய்யாமல் கதையை அனுப்பினால் திருடிவிடுவார்களா என்று பயப்படுகிறீர்கள். எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது, உங்கள் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் நீடிக்கும். பதிவு கட்டாயமில்லை. வழக்கு என்று வந்தால் சாட்சியாக உதவும், இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். தேதியோடு உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்பி வைத்தாலும், எப்போது எழுதினீர்கள் என்று காட்ட ஓரளவு உதவும். ஆனால் கதைக்கருவுக்குப் பாதுகாப்பு கிடையாது, எழுதிய வடிவத்துக்குத்தான். உச்ச நீதிமன்றம் 1978இலேயே இதைச் சொல்லிவிட்டது.

புத்தகத்தை அடையாளம் காட்டுகிற சர்வதேச எண்ணான ஐஎஸ்பிஎன் வாங்கித் தருவதாக அவர்கள் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்கள். இந்தியாவில் அந்த எண்ணை அரசு நிறுவனம் இலவசமாகத் தருகிறது, எழுத்தாளரே கேட்டு வாங்கலாம். உரிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பிரதிலிபியிலோ கிண்டிலிலோ போடலாமா என்றால், போடலாம், காசு கட்ட வேண்டியதில்லை. ஆனால் இணையத்தில் ஏற்றிவிட்ட கதையைப் பத்திரிகைகளும் போட்டிகளும் பெரும்பாலும் ஏற்பதில்லை. கதையை முதலில் பத்திரிகைக்கு அனுப்புங்கள். திரும்பி வந்தால் பிறகு பார்க்கலாம்.

எந்த ஒப்பந்தமானாலும் கையெழுத்துக்கு முன்னால் ஒரு வழக்கறிஞரிடம் காட்டுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, 1987ஆம் வருஷச் சட்டம் தருகிற உரிமை அது. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும். கூச்சப்பட ஒன்றுமில்லை.

மாமியாரின் கோபம்

‘பொறாமை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் கதையில் மருமகளின் நகையை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைக்கிற கிழவிக்கு, உங்கள் மாமியாருடைய பேச்சு, வெள்ளைச் சேலை, மூக்குப்பொடி டப்பா எல்லாம் இருக்கின்றன. தெருவில் கதையைப் படித்தவர்கள் அவரிடமே போய்க் கேட்டிருக்கிறார்கள். அறுபத்தைந்து வயதில், சமாதானம் சொல்ல ஒரு மேடையும் இல்லாத ஆள் அவர். உங்களுக்குப் பத்திரிகை இருக்கிறது. மன்னிப்புக் கேளுங்கள் என்று சொல்லவில்லை. ‘உங்களைச் சொல்லணும்னு எழுதலத்தை, ஆனா உங்களுக்கு வலிச்சிருக்கும்’ என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

கதை வேலையாகவும் இதைப் பார்க்கலாம். பெயரை மட்டும் மாற்றினால் மறைப்பாகாது. வயதை, தொழிலை, வீட்டின் அமைப்பை மாற்றுங்கள். இரண்டு பேரை ஒருவராக்குங்கள், கிழவியைக் கிழவனாக்கிப் பாருங்கள். பல சமயம் கதையே அதில் நன்றாகிவிடும், நடந்ததைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் போய்விடுவதால். நம் பக்கத்தில் ஊர்ப் பெயரையும் சாதிப் பெயரையும் சேர்த்து அப்படியே எழுதினால் வாசிக்கிறவர் முதலில் ‘இது யார் வீடு’ என்றுதான் தேடுவார். எழுதக் கூடாது என்பதில்லை, தெரிந்து எழுதுங்கள். ‘யாவும் கற்பனையே’ என்று போட்டுவிட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். ஆளை அடையாளம் காண முடிந்து, பேர் கெடும்படி இருந்தால் அவதூறு வழக்கு வரலாம், இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு. உண்மையைத்தானே எழுதினேன் என்பது மட்டும் அதில் தப்பிக்கப் போதாது, பொதுநன்மைக்காக என்றும் காட்ட வேண்டும். குடும்பக் கதைக்கு யாரும் கோர்ட்டுக்குப் போவது அபூர்வம்தான். கல்யாண வீடுகளில் பேச்சு நின்றுபோவது அபூர்வமில்லை.

கடிதத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த கேள்வி: புனைபெயரில் எழுதினால் உரிமை போய்விடுமா? போகாது. சட்டத்தில் புனைபெயர்ப் படைப்புக்கும் பாதுகாப்பு உண்டு. யார் என்று வெளியே தெரியாதவரை, வெளியான வருஷத்தை அடுத்து 60 வருஷம். தெரிந்துவிட்டால் மற்றவர்களுக்குப் போல உங்கள் காலத்துக்குப் பிறகு 60 வருஷம். பத்திரிகைக்கு அனுப்பும்போது சொந்தப் பெயர், முகவரி, வங்கிக் கணக்கு விவரத்தைத் தனித்தாளில் எழுதி, கதையின் மேல் புனைபெயரைப் போடுங்கள். ஒப்பந்தம் வந்தால் சொந்தப் பெயரில் கையெழுத்திட்டு, ‘இன்ன பெயரில் எழுதுபவர்’ என்று சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். என்ன பெயர் வைப்பது என்ற யோசனையிலேயே இந்த மாதத்தை ஓட்டிவிட வேண்டாம், முதல் கதை முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.